கணினிக் கேள்வி பதில்: மூலையில் முளைக்கும் விளம்பரங்கள்

கேள்வி: என் மாமியாரின் மடிக்கணினியில் எந்தப் பக்கமும் திறக்காமல் இருக்கும்போதே, திரையின் வலது கீழ் மூலையில் "உங்கள் கணினியில் 5 வைரஸ்" என்று பெட்டி பெட்டியாக வருகிறது. விளம்பரத் தடுப்பான் போட்டும் நிற்கவில்லை. உண்மையிலேயே வைரஸ்தானா?
– வாசகி, ஈசூன்

பதில்: பெரும்பாலும் வைரஸ் இல்லை. அடுத்த முறை பெட்டி வரும்போது அதைச் சொடுக்காமல் உற்றுப் பாருங்கள். சிவப்பு எச்சரிக்கைக் குறி, கொட்டை எழுத்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு, ஓரத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். 'கூகல் குரோம்' என்றோ 'மைக்ரோசாஃப்ட் எட்ஜ்' என்றோ இருக்கும். பக்கத்திலேயே கேள்விப்படாத ஓர் இணையத்தளத்தின் பெயரும் இருக்கும். அனுப்புவது அந்தத் தளம்தான். பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இலவசமாகப் படமோ காற்பந்து ஆட்டமோ காட்டும் தளங்களில் "நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட 'அலவ்' பொத்தானை அழுத்துங்கள்" என்று வரும். அழுத்தியதும் அந்தத் தளத்துக்கு அறிவிப்பு அனுப்பும் உரிமை கிடைத்துவிடுகிறது. உண்மையான ரோபோ சோதனை படத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும், அல்லது கட்டத்தில் குறியிடச் சொல்லும். அறிவிப்புக்கு அனுமதி கேட்காது. இதை மாமியாருக்கு ஒருமுறை திரையிலேயே காட்டிவிடுங்கள். வாயால் சொன்னால் மறந்துபோகும்.

குரோமில் 'செட்டிங்ஸ்', 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', 'சைட் செட்டிங்ஸ்', 'நோட்டிஃபிகேஷன்ஸ்' என்று வரிசையாகப் போங்கள். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் கீழே இருக்கும். குறித்துவைத்த பெயரைத் தேடி, பக்கத்திலுள்ள மூன்று புள்ளியைத் தட்டி 'பிளாக்' கொடுங்கள். 'ரிமூவ்' மட்டும் கொடுத்தால் அந்தத் தளம் மறுபடியும் அனுமதி கேட்கலாம். பட்டியலில் தெரியாத பெயர் வேறு இருந்தால் அதற்கும் இதே வைத்தியம். பிறகு அதே பக்கத்தின் மேலே, எந்தத் தளமும் அறிவிப்பு கேட்கக்கூடாது என்ற தெரிவைப் போட்டுவிடுங்கள். பெரியவர்கள் புழங்கும் கணினியில் இதை முதல் நாளே செய்துவைப்பது நல்லது.

தடுப்பான் ஏன் உதவவில்லை? அது திறந்திருக்கும் பக்கத்துக்குள் வருவதை மட்டும் வடிகட்டும். இந்தப் பெட்டியோ பிரவுசர் வழியாக விண்டோஸின் அறிவிப்புப் பகுதிக்கு நேரே வந்து சேர்கிறது.

இதற்குப் பிறகும் வந்தால், 'செட்டிங்ஸ்', 'ஆப்ஸ்', 'இன்ஸ்டால்டு ஆப்ஸ்' போய்ப் பட்டியலை நிறுவிய தேதி வாரியாக அடுக்குங்கள். தொல்லை தொடங்கிய வாரத்தில் வந்த, உங்களுக்குத் தெரியாத மென்பொருளை நீக்குங்கள். பிரவுசரின் எக்ஸ்டென்ஷன் (பிரவுசரோடு ஒட்டி ஓடும் சிறு மென்பொருள்) பட்டியலையும் அதே கண்ணோடு பாருங்கள். கடைசியாக 'விண்டோஸ் செக்யூரிட்டி'யில் 'டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்' ஓட்டலாம். கணினி தானாக அணைந்து எழுந்து சோதிக்கும், ஏறக்குறைய 15 நிமிடம் ஆகும். திறந்திருக்கும் கோப்புகளை முன்னதாகச் சேமித்துவிடுங்கள்.

கேள்வி: பல வருடமாக வைத்திருந்த யூபிளாக் ஆரிஜின் விளம்பரத் தடுப்பான் குரோமிலிருந்து காணாமல் போய்விட்டது. வேறு எதைப் போடலாம்?
– வாசகர், தெம்பனிஸ்

பதில்: உங்கள் கணினியில் கோளாறு இல்லை. எக்ஸ்டென்ஷன்களுக்கான விதிமுறையைக் கூகல் 'மேனிஃபெஸ்ட் வி3' என்ற புதிய வடிவத்துக்கு மாற்றியது. பழைய வடிவில் எழுதப்பட்டவை 2024 கடைசியிலிருந்து படிப்படியாக முடக்கப்பட்டன. 2025-ல் அது முழுமையடைந்தது. யூபிளாக் ஆரிஜின் பழைய வடிவம்.

இரண்டு வழி உண்டு. குரோமை விட முடியாது என்றால், அதை எழுதிய அதே ரேமண்ட் ஹில் வெளியிடும் 'யூபிளாக் ஆரிஜின் லைட்' போடுங்கள். சாதாரண விளம்பரங்களை நன்றாகவே தடுக்கும். ஆனால் அதன் வடிகட்டிப் பட்டியல்கள் எக்ஸ்டென்ஷனுக்குள்ளேயே பொதிந்து வருகின்றன. எக்ஸ்டென்ஷன் புதுப்பிக்கப்படும்போதுதான் அவையும் புதுப்பிக்கப்படும். விளம்பரக்காரர்கள் புது வழி கண்டுபிடித்தால் லைட் ஈடுகொடுக்கச் சற்று நாளாகும். ஃபயர்ஃபாக்ஸில் முழு யூபிளாக் ஆரிஜின் இன்னும் ஓடுகிறது. என் பரிந்துரை ஃபயர்ஃபாக்ஸ்தான். குரோமிலுள்ள புக்மார்க்குகளை அது நிறுவும்போதே இழுத்துக்கொள்ளும்.

நிறுவும்போது பெயரை முழுதாகப் படியுங்கள். 'ஆரிஜின்' இல்லாத வெறும் 'யூபிளாக்' வேறொருவருடையது. இரண்டு தடுப்பான்களை ஒன்றாகப் போடுவதும் வேண்டாம். ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுத்து, பக்கம் பாதியில் நிற்கும்.

கேள்வி: பிள்ளைகள் இருவர் (9, 13 வயது) வரவேற்பறைக் கணினியைப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஆபாசத் தளங்களையும் சூதாட்டத் தளங்களையும் அடைக்க வேண்டும். 'ஹோஸ்ட்ஸ்' கோப்பில் எழுதினேன், பலிக்கவில்லை. என்ன தவறு?
– வாசகர், செங்காங்

பதில்: ஹோஸ்ட்ஸ் கோப்பில் வழக்கமாக நேரும் தவறுகள் மூன்று. சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், இடிசி என்று உள்ளே உள்ளே போனால் இருக்கும் கோப்பு அது; எந்தத் தளப் பெயர் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று கணினி முதலில் அதில்தான் பார்க்கும். நோட்பேடை வலச்சொடுக்கி 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று திறக்காவிட்டால் அதைச் சேமிக்க முடியாது. சேமிக்க விடவில்லையே என்று 'சேவ் ஆஸ்' கொடுத்திருந்தால் பெயருக்குப் பின்னால் 'டிஎக்ஸ்டி' ஒட்டிக்கொண்டிருக்கும். விண்டோஸ் அந்தக் கோப்பைத் திரும்பிக்கூடப் பார்க்காது. இது முதல் தவறு. நோட்பேடில் 'ஓபன்' கொடுத்ததும் கோப்புறை காலியாகத் தெரிந்தால் பதற வேண்டாம், கீழே 'டெக்ஸ்ட் டாக்குமெண்ட்ஸ்' என்றிருப்பதை 'ஆல் ஃபைல்ஸ்' ஆக்கினால் கோப்பு தெரியும்.

இரண்டாவது, எழுதும் முறை. ஒரு வரிக்கு ஒரு தளம்: 0.0.0.0 என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, தளத்தின் பெயர். முன்னால் இருக்கும் 'எச்டிடிபிஎஸ்' பகுதியும் சாய்கோடுகளும் வரக்கூடாது. வரியின் தொடக்கத்தில் '#' இருந்தால் அந்த வரி வெறும் குறிப்பாகிவிடும். மூன்றாவது தவறுதான் பலரைத் தடுக்கி விழச் செய்வது: 'டபிள்யூ டபிள்யூ டபிள்யூ' சேர்த்த பெயரும் சேர்க்காத பெயரும் இந்தக் கோப்புக்கு இரண்டு வெவ்வேறு தளங்கள். கைத்தொலைபேசிக்கான பதிப்புக்குத் தனிப் பெயர் இருந்தால் அது மூன்றாவது. எல்லாவற்றுக்கும் தனித்தனி வரி வேண்டும். சேமித்தபின் பிரவுசரை முழுதாக மூடித் திறந்து பாருங்கள்.

ஆனால் உங்கள் தேவைக்கு இந்தக் கோப்பு போதாது. குறிப்பிட்ட நாலைந்து தளங்களை அடைக்கத்தான் அது ஏற்றது. ஆபாசத் தளங்கள் ஆயிரக்கணக்கில் இருக்க, எத்தனை வரி எழுதுவீர்கள்? வீட்டு ரௌட்டரில் டிஎன்எஸ் (தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் எண் முகவரியைத் தேடித் தரும் சேவை) முகவரியை மாற்றுங்கள். ரௌட்டரின் அடியிலுள்ள ஒட்டுத்தாளில் நுழைவு முகவரியும் கடவுச்சொல்லும் அச்சிட்டிருக்கும். உள்ளே டிஎன்எஸ் பகுதியில் முதல் கட்டத்தில் 1.1.1.3, இரண்டாவதில் 1.0.0.3 போடுங்கள். இது கிளவுட்ஃபிளேரின் இலவசக் குடும்பச் சேவை. தீநிரல் தளங்களையும் ஆபாசத் தளங்களையும் தடுக்கும். இரண்டாவது கட்டத்தில் வடிகட்டாத வேறு முகவரியை விட்டுவைத்தால், கணினி சில நேரம் அதைக் கேட்டுத் தளத்தைத் திறந்துவிடும்.

சில நிறுவனங்கள் தரும் ரௌட்டரில் இந்தப் பகுதி பூட்டியிருக்கும். அப்போது கணினியிலேயே மாற்றலாம்: 'செட்டிங்ஸ்', 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்', உங்கள் வைஃபையின் 'ஹார்ட்வேர் பிராபர்ட்டீஸ்', 'டிஎன்எஸ் சர்வர் அசைன்மெண்ட்', 'எடிட்', 'மேனுவல்'. அங்கே 'ஐபிவி6' (இணைய முகவரியின் புதிய வகை) தனியாக இருக்கும். உங்கள் இணைப்பில் அது இயங்கினால் அதற்கும் கிளவுட்ஃபிளேர் தரும் குடும்ப முகவரியைப் போட வேண்டும், இல்லையென்றால் தளத்தின் முகவரியைக் கேட்கும் கோரிக்கை அந்த வழியே வெளியே போகும்.

சூதாட்டத்தை 1.1.1.3 தடுக்காது, கவனியுங்கள். சிங்கப்பூரில் 2022-ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் சட்டவிரோதச் சூதாட்டத் தளங்கள் முடக்கப்படுகின்றன. இருந்தாலும் புதிய பெயரில் முளைத்துக்கொண்டே இருக்கும். ஓபன்டிஎன்எஸ் ஹோமில் இலவசக் கணக்குத் தொடங்கினால் சூதாட்டம் உட்பட எந்தெந்த வகையை அடைப்பது என்று நீங்களே தெரிவு செய்யலாம். ரௌட்டரில் அப்போது 208.67.222.222, 208.67.220.220 போட வேண்டும். வீட்டு இணைப்பின் ஐபி முகவரி மாறினால் உங்கள் தெரிவுகள் செயலிழந்துவிடும். அவர்களே தரும் 'அப்டேட்டர்' செயலியை ஒரு கணினியில் ஓடவிடுங்கள். உங்கள் இணையச் சேவை நிறுவனத்திடமும் கேளுங்கள், குடும்ப வடிகட்டிச் சேவை இங்கே எல்லா நிறுவனங்களிடமும் உண்டு.

13 வயதுப் பிள்ளை இதைச் சுற்றிப்போக வழி தேடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிரவுசரின் 'செக்யூர் டிஎன்எஸ்' அமைப்பில் வேறு முகவரி போடலாம், விபிஎன் நிறுவலாம். ஆகவே பிள்ளைகளுக்கு 'ஸ்டாண்டர்டு' கணக்கு மட்டும் கொடுங்கள். 'அட்மினிஸ்ட்ரேட்டர்' கடவுச்சொல் உங்களிடம் இருக்கட்டும். மைக்ரோசாஃப்ட் ஃபேமிலி சேஃப்டியில் அவர்களைச் சேர்த்தால் இன்னும் பலம். அதன் தள வடிகட்டி எட்ஜில் மட்டுமே வேலை செய்வதால், அதை முடுக்கினால் மற்ற பிரவுசர்களை அடைத்துவிடும். 9 வயதுக்கு 'அனுமதித்த தளங்கள் மட்டும்' என்ற தெரிவே சரி. மூத்த பிள்ளையிடம் எதை, ஏன் அடைத்தீர்கள் என்று உட்கார்ந்து பேசிவிடுங்கள். கைத்தொலைபேசியின் டேட்டாவில் போனால் ரௌட்டர் எதையும் பார்க்காது.

கேள்வி: விளம்பரம் தடுக்கும் டிஎன்எஸ்ஸுக்கு மாற்றியபின் எல்லா விளம்பரமும் குறைந்தது. யூடியூபில் மட்டும் வருகிறதே?
– வாசகி, ஜூரோங் வெஸ்ட்

பதில்: டிஎன்எஸ் தளத்தின் பெயரை மட்டுமே பார்க்கும். யூடியூப் காணொளியும் அதன் விளம்பரமும் ஒரே பெயருள்ள சர்வர்களிலிருந்து வருகின்றன. விளம்பரத்தை அடைத்தால் காணொளியும் நிற்கும். தடுப்பான் போட முடியாத தொலைக்காட்சியில் நேர்வழி யூடியூப் பிரீமியம் சந்தாதான்.

கேள்வி: வங்கித் தளத்தில் ஓடிபி போடும் பெட்டியே தோன்றவில்லை. தடுப்பான்தான் காரணமா?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: இருக்கலாம். யூபிளாக் ஆரிஜின் சின்னத்தைத் தட்டி, பெரிய 'பவர்' பொத்தானை அணைத்து, பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். அந்தத் தளத்துக்கு மட்டும் தடுப்பு நிற்கும். பெட்டி தோன்றினால் அந்தத் தளத்தில் அப்படியே விட்டுவிடலாம். நீங்கள் தினமும் படிக்கும் நாளிதழ்த் தளம் தடுப்பானை அணைக்கக் கேட்டாலும் இதையே செய்யுங்கள், விளம்பரம்தான் அவர்களுக்கு வருமானம்.

கேள்வி: திரை முழுதும் எச்சரிக்கை, பலத்த சத்தம், கூடவே அழைக்கச் சொல்லி ஒரு தொலைபேசி எண். மூடவே முடியவில்லை. என்ன செய்வது?
– வாசகி, அங் மோ கியோ

பதில்: அந்த எண்ணை அழைக்காதீர்கள். கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை; வெறும் இணையப் பக்கம் முழுத்திரையில் நிற்கிறது. 'எஸ்கேப்' விசையைச் சில விநாடி விடாமல் அழுத்துங்கள், முழுத்திரை விலகும். விலகாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தி 'டாஸ்க் மேனேஜர்' திறந்து, பிரவுசரைத் தேர்ந்து 'எண்டு டாஸ்க்' கொடுங்கள். மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஏற்கெனவே அழைத்து, அவர்கள் சொன்ன மென்பொருளை நிறுவியிருந்தால் கதை வேறு. உடனே வைஃபையைத் துண்டியுங்கள். வங்கியை வேறொரு தொலைபேசியிலிருந்து அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். மோசடியா இல்லையா என்று சந்தேகம் இருந்தால் ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799, 24 மணி நேரமும் உண்டு. பணம் போயிருந்தால் காவல்துறையில் புகார் செய்யுங்கள். கடவுச்சொற்களை அந்தக் கணினியில் மாற்றாதீர்கள். வேறு கணினியில் மாற்றி, இதைத் துடைத்து விண்டோஸைப் புதிதாக நிறுவிய பிறகே மறுபடி வங்கிக் கணக்கில் நுழையுங்கள்.