மாடியில் டிவி, கீழே செட்டாப் பாக்ஸ்

கேள்வி: செட்டாப் பாக்ஸ் கீழே ஹாலில் இருக்கிறது. மாடியறை டிவிக்கு வயர் இழுத்தாயிற்று. சேனல் மாற்றத்தான் படியிறங்க வேண்டியிருக்கிறது. ரிமோட்டின் ஒளியை வாங்கும் டிஎஸ்ஓபி 1738 சென்சாரை மாடியில் வைத்து, அதன் அவுட்புட்டை வயர் வழியாகக் கீழே ஒரு எல்இடிக்குக் கொடுத்தேன். பாக்ஸ் அசையவில்லையே?
- வாசகர், ராயபுரம்

பதில்: வயரில் தப்பில்லை. ரிமோட்டின் எல்இடி விநாடிக்கு 38,000 தடவை துடிக்கிறது; பட்டனின் குறியீடு அந்தத் துடிப்பின் மேல் ஏறித்தான் வருகிறது. உங்கள் சென்சார் துடிப்பைக் கழித்துவிட்டுக் குறியீட்டை மட்டும் வெளியே விடும். அதை நேரே எல்இடிக்குக் கொடுத்தால் பாக்ஸின் கண் சட்டை செய்யாது.

துடிப்பைத் திரும்ப ஏற்ற ஒரு 555 ஐசி போதும். 8ஆம் காலுக்கு 5 வோல்ட் (பழைய செல்போன் சார்ஜர் போதும்), 1ஆம் கால் கிரவுண்ட். 7க்கும் 8க்கும் நடுவே 1கே ரெசிஸ்டர், 6க்கும் 7க்கும் நடுவே 18கே. 2, 6 இரண்டையும் சேர்த்து, அங்கிருந்து கிரவுண்டுக்கு 102 (1 நானோஃபாரட்) கெப்பாசிட்டர். மலிவான டிஸ்க் கெப்பாசிட்டர் அளவு தவறும், பாலியஸ்டர் வாங்குங்கள். அப்படியும் சரியாக எடுக்காவிட்டால் 18கேக்குப் பதில் 15கேயோடு 5கே பிரீசெட் (திருகி அளவு மாற்றும் ரெசிஸ்டர்) போட்டுத் திருகிப் பாருங்கள்.

சென்சாரின் அவுட்புட் தலைகீழானது: சிக்னல் வந்தால் இறங்கும். அதனால் அதை 10கே வழியாக பிசி557 டிரான்சிஸ்டரின் பேஸுக்குக் கொடுங்கள். எமிட்டர் 5 வோல்ட்டில், கலெக்டர் 555இன் 4ஆம் காலில். அந்தக் காலிலிருந்து கிரவுண்டுக்கு இன்னொரு 10கே. இந்த 10கேயை விட்டால் எல்இடி ஓயாமல் துடிக்க வாய்ப்புண்டு. 3ஆம் காலிலிருந்து 100 ஓம்ஸ் வழியாக இரட்டை வயர் கீழே போகட்டும். முனையில் ஐஆர் (அகச்சிவப்பு) எல்இடியைப் பாக்ஸின் கண்ணுக்கு நேராக ஒட்டுங்கள். செல்போனின் முன்பக்கக் கேமராவில் அது மினுங்குவது தெரியும்.

புது ரிமோட்டுகளில் சில புளூடூத். அதற்கு இத்தனை பாடு தேவையே இல்லை.

கேள்வி: ரிமோட் பட்டனை அழுத்தி அழுத்தி விரல்தான் வலிக்கிறது. செல் புதுசு.
- வாசகர், காசிமேடு

பதில்: முதலில் செல்லைத் தொடும் ஸ்பிரிங்கைப் பாருங்கள். உப்புக்காற்றில் பச்சை பூத்திருந்தால் வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு ஈரப்பஞ்சால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். அப்புறம் பிரித்து, ரப்பரின் கறுப்புப் பொட்டுகளையும் போர்டையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் மெல்லத் துடையுங்கள். பிளேடால் சுரண்டினால் கார்பன் போய்விடும். அப்புறம் அந்தப் பட்டன் வேலை செய்யாது.