பழைய பென்ஸும் பதினாலாம் நம்பர் ஸ்பேனரும்: வாசகர் கேள்வி - பதில்

எங்கள் ஐயா வாங்கிய 240டி பென்ஸ் (123 மாடல்) கானாடுகாத்தான் வீட்டில் இருக்கிறது. கொஞ்ச நாளாகச் சாவியைத் திருப்பி வெளியே எடுத்த பிறகும் இன்ஜின் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. கியரைப் போட்டு கிளட்சை விட்டு அமுக்கித்தான் நிறுத்துகிறோம். டீசல் பம்பைக் கழற்றி மதுரைக்கு அனுப்ப வேண்டும் என்கிறார் மெக்கானிக். அனுப்பலாமா?
- வாசகர், கானாடுகாத்தான்

அனுப்பாதீர்கள். முதலில் கியரைப் போட்டு அமுக்கி நிறுத்துவதை இன்றோடு விடுங்கள், கிளட்ச் பாவம். பானெட்டைத் திறந்தால் இன்ஜின் மேலே ஆக்சிலேட்டர் கம்பிகள் வரும் இடத்தில் 'ஸ்டாப்' என்று எழுதிய சின்ன லீவர் ஒன்று இருக்கும். அதை அழுத்திப் பிடித்தால் இன்ஜின் நின்றுவிடும். இப்படி ஒரு நாள் வரும் என்று தெரிந்துதான் பென்ஸ்காரன் அதை அங்கே வைத்திருக்கிறான்.

இந்த வண்டியில் சாவி நேரடியாக இன்ஜினை நிறுத்துவதில்லை. டீசல் இன்ஜினில் ஸ்பார்க் கிடையாது, கரண்டை நிறுத்தினாலும் டீசல் போய்க்கொண்டிருக்கும் வரை ஓடும். அதனால் சாவியை ஆஃப் செய்யும்போது சாவிக்குப் பின்னால் இருக்கும் ஒரு வால்வு திறந்து, இன்ஜினில் இருக்கும் பம்ப் உண்டாக்கும் வேக்கம் (காற்றை உறிஞ்சும் இழுப்பு) ஒரு சன்னமான பழுப்புக் குழாய் வழியாக டீசல் பம்பின் பின்பக்கம் இருக்கும் டப்பாவுக்குப் போகும். அதற்குள் இருக்கும் ரப்பர் சவ்வு இழுபட்டு டீசலை அடைக்கும். இவ்வளவுதான் விஷயம். இன்ஜின் நிற்கவில்லை என்றால் வேக்கம் எங்கோ ஒழுகுகிறது, அல்லது அந்தச் சவ்வு கிழிந்திருக்கிறது. பம்பின் உள்வேலைக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது.

வீட்டிலேயே பார்க்கும் வழி சொல்கிறேன். கையால் இழுக்கும் வேக்கம் பம்ப், கேஜோடு ஆன்லைனில் கிடைக்கிறது, பழைய பென்ஸ் வைத்திருப்பவர் வீட்டில் அது கட்டாயம் இருக்க வேண்டும். பழுப்புக் குழாயை அந்த டப்பாவிலிருந்து கழற்றுங்கள். குழாய்க்குள் இன்ஜின் ஆயில் ஈரம் இருந்தால் சவ்வு கிழிந்துவிட்டது என்று அப்போதே தெரிந்துவிடும், டப்பாவை மாற்ற வேண்டியதுதான். ஈரம் இல்லையென்றால் இன்ஜினை ஓடவிட்டு, கைப் பம்பால் டப்பாவுக்கு நேராக வேக்கம் கொடுங்கள். இன்ஜின் நின்று, கேஜ் முள்ளும் இறங்காமல் நின்றால் டப்பா நன்றாக இருக்கிறது, கோளாறு அதற்கு முன்னால்.

முன்னால் என்றால் எங்கே? பத்தில் எட்டு வண்டியில் கதவுகளில். ஆமாம், கதவுப் பூட்டுகளும் இதே வேக்கத்தில்தான் வேலை செய்கின்றன. டிரைவர் கதவைப் பூட்டினால் மற்ற கதவும் டிக்கியும் டீசல் மூடியும் பூட்டிக்கொள்வது அதனால்தான். நாற்பது வருடத்தில் ஒரு கதவுக்குள் இருக்கும் ரப்பர் வெடித்திருக்கும். அந்த ஒழுகலில் வேக்கம் வீணாகி இன்ஜினை நிறுத்தப் போதாமல் போகும். பூட்டுகளுக்குப் போகும் கிளையைக் கழற்றி, குழாய் வாயை அடைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். இப்போது சாவிக்கு இன்ஜின் நின்றால் இன்ஜின் பக்கம் ஒன்றும் இல்லை, கதவை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்ளலாம். சன்னக் குழாய்களை இணைக்கும் ரப்பர் முட்டுகளை மாற்றினாலே பாதி சரியாகும், விலையும் கொஞ்சம்தான்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பிரேக் பெடலை லேசாக்கும் பூஸ்டரும் இன்ஜினில் இருக்கும் இதே வேக்கம் பம்பிலிருந்துதான் இழுக்கிறது. பிரேக் பெடல் கல் மாதிரி இருக்கிறது என்று தோன்றினால் வண்டியை வெளியே எடுக்காமல் அதை முதலில் பாருங்கள்.

நாங்கள் இருப்பது சென்னையில். பொங்கலுக்கும் முன்னோருக்குப் போடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் ஊருக்கு வருகிறோம், வண்டி மற்ற நாளெல்லாம் கொட்டகையில். வாரம் ஒரு தடவை பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணிப் போடச் சொல்லி வாட்ச்மேனிடம் சொல்லியிருக்கிறோம். போதுமா?
- வாசகி, தேவகோட்டை

போதுமா என்று கேட்கிறீர்கள் ஆச்சி, அதை நிறுத்துங்கள் என்றுதான் சொல்வேன். பத்து நிமிஷத்தில் இன்ஜின் ஆயில் சரியாகச் சூடாகாது. எரிந்ததில் வரும் நீராவி சைலன்சருக்குள்ளும் ஆயிலுக்குள்ளும் தண்ணீராகத் தங்கும், சைலன்சர் உள்ளிருந்து துருப்பிடிக்கும். ஸ்டார்ட் செய்ய எடுத்த கரண்டைக்கூட பேட்டரி அந்தப் பத்து நிமிஷத்தில் திரும்ப ஏற்றிக்கொள்வது சந்தேகம். எடுத்தால் காரைக்குடி வரைக்காவது போய்த் திரும்ப வேண்டும், இல்லையென்றால் தொடாமல் இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் வண்டியைக் கெடுக்கிறது.

சென்னைக்குக் கிளம்பும் முன் பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றிவிடுங்கள் (பழைய பெக்கர் ரேடியோ இருந்தால் அதன் ரகசிய எண் (கோட்) கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் திரும்ப மாட்டும்போது ரேடியோ பேசாது). அதைவிட நல்லது, தானாக நிறுத்திக்கொள்ளும் சின்ன சார்ஜர் ஒன்றைப் போட்டுவிடுவது. நன்றாக ஏறிய பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதி காலி, அப்படியே மாதக்கணக்கில் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து பிறகு ஏறாது. புது பேட்டரி வருஷா வருஷம் வாங்குகிறோம் என்று புலம்புபவர்கள் பெரும்பாலும் இப்படிக் கொன்றவர்கள்தான்.

பார்க்கிங் பிரேக் போட்டுவிட்டுப் போகாதீர்கள், மழைக்காலத்தில் பின் சக்கரத்துக்குள் ஷூ ஒட்டிக்கொள்ளும். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை அண்டக்கொடுங்கள். டயரில் காற்று வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். டயரில் பட்டன் இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம், ஓடாத வண்டியில் பட்டன் இருக்கத்தான் செய்யும். பக்கச் சுவரில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும், 2314 என்றால் 2014ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்தது. அத்தனை வயதான டயரில் திருச்சி பைபாஸில் நூறில் போகக் கூடாது.

டீசல் வண்டி என்றால் டேங்கை நிறைத்துவிட்டுப் போங்கள், காலி இடத்தில்தான் ஈரம் சேரும். பெட்ரோல் வண்டிக்கு இப்போது வேறு தலைவலி. பங்கில் வருவதில் 20 சதவீதம் வரை எத்தனால், அது ஈரத்தை இழுக்கும், அந்தக் காலத்து ரப்பர் குழாய்களையும் மெல்ல அரிக்கும். திரும்பி வந்ததும் கொட்டகையில் பெட்ரோல் வாசம் அடித்தால் சாவியைத் தொடும் முன் குழாய்களைப் பாருங்கள்.

ஸ்டார்ட் செய்யும் முன் ஏர் ஃபில்டர் டப்பாவையும் திறந்து பார்க்க வேண்டும். நம் செட்டிநாட்டு வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டுமாக நீளும், பாதி அறை பூட்டிக் கிடக்கும், எலிக்குக் கேட்கவே வேண்டாம். ஏர் ஃபில்டருக்குள் பஞ்சும் வைக்கோலுமாகக் கூடு கட்டி வைத்திருக்கும். அதோடு ஸ்டார்ட் செய்தால் அத்தனையும் இன்ஜினுக்குத்தான் போகும். கடைசியாக, பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரம் குடிக்கும், ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை டாட் 4 ரக ஆயில் புதிதாக மாற்ற வேண்டும்.

என் மகன் முகப்பில் வண்டியை நிறுத்தி ஆயில் மாற்றுகிறான். ஆத்தங்குடிக் கல்லில் கறை படிந்துவிட்டது. அவனுக்கு ஏதாவது சொல்லுங்கள்.
- வாசகி, பள்ளத்தூர்

தம்பி, அது சிமென்ட்டில் செய்த கல், எண்ணெயைக் குடித்துவிடும், மொசைக் மாதிரி துடைத்தால் போகாது. வண்டியை வெளியே எடுத்துச் செய். தகர ஷீட்டும் மரத்தூளும் போட்டுக்கொள். இறக்கிய ஆயிலைக் கேனில் பிடித்து, பழைய ஆயில் எடுப்பவரிடம் கொடு. வாசல் வாய்க்காலில் ஊற்றினால் அது ஊருணிக்குப் போய்ச் சேரும். இன்னொன்று, ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதே. ஸ்டாண்டு இரண்டு வாங்கு. செங்கல்லை அடுக்கி வைப்பதும் கூடாது, செங்கல் சொல்லாமல் நொறுங்கும்.

1996 இ220 (124 மாடல்). ரோட்டில் போகும்போது ஹீட் முள் ஒழுங்காக நிற்கிறது. கொப்புடையம்மன் திருவிழாக் கூட்டத்தில் ஏசி போட்டு ஊர்ந்தால் 110ஐத் தாண்டுகிறது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள், அப்படியும் சரியாகவில்லை.
- வாசகர், காரைக்குடி

தெர்மோஸ்டாட்டை (இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடிக்கும் வால்வை) கழற்றி எறிவது நம் ஊரில் ஒரு வைத்தியமாகவே ஆகிவிட்டது. முதலில் புதிது வாங்கி மாட்டுங்கள். அது இல்லாமல் ரோட்டில் போகும்போது இன்ஜின் சூடே ஏறாமல் பெட்ரோல் குடிக்கும், நெரிசலில் வரும் சூட்டை அது குறைக்கவும் செய்யாது. இந்த மாடலில் முள் 80க்கும் 100க்கும் நடுவில் அலைவது இயல்பு, அதற்குப் பயப்பட வேண்டாம். 110 என்பது கவனிக்க வேண்டியது.

ரோட்டில் சரி, நின்றால் சூடு என்றால் காற்று போதவில்லை என்று அர்த்தம். உங்கள் வண்டிக்கு முன்னால், ஏசி கண்டென்சருக்கு (ரேடியேட்டர் மாதிரி ஏசி கேஸை ஆற்றும் தகட்டுக்கு) முன் இரண்டு எலக்ட்ரிக் ஃபேன் இருக்கின்றன. ஏசி போட்டு கேஸ் பிரஷர் ஏறியதும் அவை மெதுவான வேகத்தில் சுற்ற வேண்டும், சூடு எல்லை மீறினால்தான் முழு வேகம். அந்த மெதுவான வேகம் கரண்டைக் குறைத்து விடும் ஒரு ரெசிஸ்டர் வழியாக வருகிறது. அது எரிந்துபோனால் மெதுவான வேகம் மட்டும் வேலை செய்யாது. யாரும் கவனிக்க மாட்டார்கள், ஏனென்றால் முழு வேகத்தில் சுற்றுவதைப் பார்த்து 'ஃபேன் ஓடுதே' என்று போய்விடுவார்கள். வண்டியை நிறுத்தி, ஏசியை முழுதாகப் போட்டு, கையை உள்ளே விடாமல் முன்னால் நின்று பாருங்கள். சுற்றவில்லை என்றால் பியூஸ், ரெசிஸ்டர் என்று வரிசையாக மல்டிமீட்டரால் பார்க்கலாம். அதோடு கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் நம் செம்மண் தூசி அடைத்திருக்கும், இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மெதுவான தண்ணீரில் கழுவுங்கள், பிரஷர் வாஷ் வேண்டாம், தகடு மடங்கும்.

ரேடியேட்டரில் என்ன ஊற்றுகிறீர்கள் என்று எழுதவில்லை. நம் காரைக்குடி சம்பை ஊற்றுத் தண்ணீரே ஆனாலும் குடிக்கத்தான். இன்ஜினுக்கு பென்ஸ் ஒப்புக்கொண்ட கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. போர் தண்ணீரின் உப்பு உள்ளே படிந்து வழியை அடைக்கும், அலுமினிய ஹெட்டை அரிக்கும். மேல் ஹோஸ் மாட்டும் பிளாஸ்டிக் கழுத்தையும் பாருங்கள், வயதான ரேடியேட்டரில் அது ஒரு நாள் பட்டென்று உடைந்து மொத்தத் தண்ணீரும் ரோட்டில் போகும். நிறம் மாறி மயிரிழை விரிசல் தெரிந்தால் காத்திருக்காதீர்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லிவிட்டேன்.

240டி காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கிறது, வெள்ளைப் புகை வேறு. ஸ்டார்ட் ஆன பிறகு ஒழுங்காக ஓடுகிறது. ஹீட்டர் பிளக் நாலும் புதிது.
- வாசகர், கொத்தமங்கலம்

ஸ்டார்ட் செய்யும் முன் சூடேற்றும் ஹீட்டர் பிளக் புதிது என்றால் டேப்பெட்டை, அதாவது வால்வு இடைவெளியைப் பாருங்கள். இந்த இன்ஜினில் வால்வு இடைவெளியைக் கையால்தான் வைக்க வேண்டும், ஏறக்குறைய 24,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை. இடைவெளி குறைந்தால் வால்வு முழுதாக மூடாது, காற்றை அமுக்கும் கம்ப்ரஷன் போகும், டீசலுக்குக் கம்ப்ரஷன்தான் நெருப்பு. இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். இன்டேக் 0.10 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் 0.30. எது எது என்று குழம்பினால் பக்கத்து மேனிஃபோல்ட் குழாய் எந்த வால்வுக்கு நேராக வருகிறது என்று பாருங்கள். வால்வை அமுக்கும் கேமின் மூக்கு மேல்நோக்கி இருக்கும்போதுதான் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் சன்னத் தகட்டை) விட வேண்டும். இன்ஜினைச் சுழலும் திசையிலேயே சுற்றுங்கள், எதிர்த்திசையில் கூடாது.

இதற்கு 14 நம்பர் ஸ்பேனர் இரண்டு வேண்டும், ஆனால் வளைந்தது. நேரான ஸ்பேனர் உள்ளே நுழையாது. கம்பெனி ஸ்பேனருக்கு விலை அதிகம், சாதாரண ஸ்பேனர் இரண்டை வாங்கிப் பட்டறையில் காய்ச்சி வளைத்துக்கொள்ளலாம். எட்டு வால்வு, அவசரமில்லாமல் ஒரு காலைப்பொழுது. அப்படியும் அடம் பிடித்தால் டீசல் வரும், உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயில் காற்றுக் குமிழி போகிறதா என்று பாருங்கள். பம்பின் மேலிருக்கும் பழைய வெள்ளைக் குமிழ் கைப் பிரைமரே பல வண்டியில் காற்றை உள்ளே விடும்.

1995 இ220. ஐட்லிங் ஏறி இறங்குகிறது, சில நேரம் மிஸ் அடிக்கிறது. பிளக், காயில், ஃபியூயல் பம்ப் எல்லாம் மாற்றியாகிவிட்டது.
- வாசகர், புதுவயல்

இனி எதையும் வாங்காதீர்கள். 1990களின் முதல் பாதியில் பென்ஸ் போட்ட இன்ஜின் வயரிங்கின் மேலுறை சூட்டில் பொடிப்பொடியாக உதிரும், உலகம் முழுக்கத் தெரிந்த கோளாறு. கனெக்டர் பக்கத்தில் மேல் ஸ்லீவைக் கொஞ்சம் விலக்கி, வயரை மெல்ல வளைத்துப் பாருங்கள். உறை விரிந்து செம்பு தெரிந்தால் அதுதான். டேப் சுற்றி ஓட்டாதீர்கள், உள்ளே ஷார்ட்டாகி விலை உயர்ந்த கம்ப்யூட்டர் பெட்டியைக் கொண்டுபோகும். மொத்த ஹார்னஸையும் (வயர்க் கட்டையும்) புதிதாகவோ, சூடு தாங்கும் வயரில் அதே நீளத்தில் கட்டியோ மாற்றுவதுதான் வழி.

சாமான் எங்கே கிடைக்கும்?
- பலர்

சேசிஸ் நம்பரை வைத்து முதலில் பார்ட் நம்பரைக் கண்டுபிடியுங்கள், 'அது மாதிரி ஒன்று' என்று போனில் கேட்டால் வேறு மாடல் சாமான்தான் வந்து சேரும். கதவுக் கைப்பிடி, விளக்குக் கண்ணாடி, ஸ்விட்ச், சீட் கம்பி இதெல்லாம் சென்னை புதுப்பேட்டையில் பழசாக எடுக்கலாம், நன்றாகவே இருக்கும். பிரேக், ஸ்டீயரிங், ரப்பர் சாமான்களைப் பழசில் வாங்க வேண்டாம். ரப்பருக்கு வயது ஓடாமலே ஏறும், கழற்றிய வண்டியின் ரப்பரும் உங்கள் வண்டியின் வயதுதான்.