சென்னைக்குப் பறந்தால் இரண்டரை மணி நேரம் மிச்சமா?

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் ஏறிச் சென்னையில் இறங்கினால் கடிகாரம் இரண்டரை மணி நேரம் பின்னால் போகிறதே, அது காலப்பயணம்தானே என்று தொடக்கநிலை 5 படிக்கும் மகள் மடக்கிவிட்டாள் என்று எழுதியிருந்தீர்கள். இல்லைங்க, அது நாம் போட்டுக்கொண்ட கணக்கு. 1982 பிறந்தபோது சிங்கப்பூரே கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தது, யாருக்கும் ஆயுள் குறையவில்லை.

ஆனால் பறக்கும்போது காலம் துளியூண்டு மாறுவது நிஜம். 1971இல் ஹாஃபெலே, கீட்டிங் என்ற அறிவியலாளர்கள் இருவர் மிகத் துல்லியமான அணுக் கடிகாரங்களைப் பயணிகள் விமானத்தில் ஏற்றி (அவற்றுக்கும் டிக்கெட் எடுத்து!) உலகைச் சுற்றினார்கள். கிழக்கே போனபோது சுமார் 59 நானோ விநாடி (ஒரு நானோ விநாடி என்பது விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு) பின்தங்கின, மேற்கே போனபோது 273 முந்தின. வேகம் கடிகாரத்தை மெதுவாக்கும், உயரம் விரைவாக்கும், இரண்டின் கூட்டுக்கழித்தல்தான் இது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களில் இது நாளுக்கு 38 மைக்ரோ விநாடி (மைக்ரோ என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு), அதைத் திருத்தித்தான் நீங்கள் கைப்பேசியில் சிங்கப்பூரின் தேக்காவுக்கு வழி பார்க்கிறீர்கள்.

அப்புறம் காலத்தில் பின்னோக்கிப் போவது? ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்தே, சுழலும் பிரபஞ்சமாக இருந்தால் போகலாம் என்று 1949இல் கணிதவியலாளர் கேடல் காட்டினார். சரி, நம்முடையது அப்படிச் சுழல்வதாகத் தெரியவில்லையே.