கல் பதித்தபின் வன்னி மரம் காய்கிறதா?

கேள்வி: ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐனில் ஒரு வில்லாவின் தோட்டத்தைக் கவனித்துக்கொள்கிறேன். வாசலில் நிற்கும் பழைய காஃப் மரத்தைச் சுற்றிப் போன வருடம் இண்டர்லாக் கல் பதித்துக் கார் நிறுத்துகிறார்கள். தினமும் தண்ணீர் விட்டும் ஒரு பக்கக் கிளைகள் காய்கின்றன. உரம் வைக்கலாமா?

பதில்: உரம் வேண்டாம். காஃப் என்பது நம்மூர் வன்னிதான். ஆழத்து ஈரத்தைத் தேடி வேர்விடும் மரம்; திறந்த பாலையில் யாரும் தண்ணீர் ஊற்றாமலே நிற்கிறது. கல்லுக்கு அடியில் ரோலர் ஓட்டி இறுக்கியதால் வேருக்குக் காற்றுப் போகவில்லை. பள்ளம் பறித்தபோது வேரும் வெட்டுப்பட்டிருக்கும். வெட்டுப்பட்ட பக்கம்தான் முதலில் காயும்.

தினசரித் தண்ணீரும் கெடுதல்தான். காய்ந்த மணலில் சதுர மீட்டருக்கு 10 லிட்டர் ஊற்றினால் சுமார் 10 செ.மீ. ஆழம்தான் நனையும். அது வெயிலில் ஆவியாகி, உப்பு மட்டும் தங்கிவிடும். லிட்டருக்கு 2 கிராம் உப்புள்ள தண்ணீர் என்றால், வருடத்துக்கு ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 7.3 கிலோ! கல் இடுக்குகளில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அதுதான். அல் ஐன் பேரீச்சந் தோப்புகளில் ஃபலஜ் என்ற பழைய பாசன வாய்க்காலைத் திறந்து, முறைவைத்துப் பாத்தி நிறையப் பாய்ச்சுவார்கள். நீர் இறங்கும்போது உப்பையும் கீழே கொண்டுபோகும்.

நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். தூரிலிருந்து குறைந்தது 2 மீட்டர் வரை கல்லையும் அதன் அடியிலுள்ள ஜல்லியையும் எடுங்கள். கையால் மட்டும், ஜேசிபி வேண்டவே வேண்டாம். இறுகிய மண்ணைத் தோட்டவேலை முள்கரண்டியால் கிளறுங்கள். விரல் தடிமன் வேர் தென்பட்டால் அதைச் சுற்றிப் போங்கள். தூரைச் சுற்றி மண் அணைக்காதீர்கள். கார் ஏறாதபடி ஓரத்தில் கல் நடுங்கள்.

இந்த வட்டம் சுமார் 12 சதுர மீட்டர். மெதுவாக 1,200 லிட்டர் விட்டால் ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழம் நனையும். மறுநாள் ஒரு கம்பியைக் குத்திப் பாருங்கள். பாதியில் முட்டினால் அங்கே இன்னும் இறுக்கம் இருக்கிறது. கோடையில் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போதும். உதிரும் இலையைக் கூட்ட வேண்டாம். பச்சைக் கிளையைக் கழிக்கவும் வேண்டாம்.

கிளறி நனைத்த இடத்தில் சீமைக் கருவேலம் முளைக்கும். வன்னி முள் கணுக்களுக்கு இடையில் ஒற்றையாகச் சிதறியிருக்கும். சீமைக் கருவேல முள் பெரும்பாலும் கணுவில் ஜோடியாக நிற்கும். வெட்டினால் மறுபடி தழைக்கும். ஒரு சாண் ஆழம் தோண்டி, தூரோடு எடுங்கள்.