எப்போது இறைக்கிறது, எப்போது நிற்பாட்டுறது? மண் ஈரச் சென்சர் பற்றி வந்த கேள்விகள்

வெங்காயத் தறைக்குச் சென்சர் வைக்கப் போகிறேன். எந்த ஆழத்தில் வைக்க? (சுன்னாகம்)

ஒன்று மட்டும் வாங்காதீர்கள், இரண்டு வேண்டும். ஒன்றை 15 சென்ரிமீற்றரிலும் மற்றதை 30 சென்ரிமீற்றரிலும் வையுங்கள். மேலே இருப்பது எப்போது இறைக்கலாம் என்று சொல்லும், கீழே இருப்பது எப்போது மெசினை நிற்பாட்ட வேண்டும் என்று சொல்லும். என்னைக் கேட்டால் கீழே இருப்பதுதான் முக்கியம். ஒவ்வொரு இறைப்புக்கும் அது நனைகிறது என்றால், வெங்காய வேர் எட்டாத இடத்துக்குத் தண்ணீர் போய்விட்டது, நீங்கள் காசு கொடுத்துப் போட்ட யூரியாவும் கரைந்து கூடவே போய்விட்டது. வலிகாமத்துச் செம்மண்ணுக்குக் கீழே வெடிப்பும் குகையுமாகக் கிடக்கிற சுண்ணாம்புக்கல் எதையும் வடிகட்டித் தராது, அந்த யூரியா மண்ணில் மாறி வருகிற நைத்திரேற்று நேரே கிணற்றுக்குத்தான் வரும். குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார அமைப்பு, இங்கே தாண்டிய கிணறுகள் நிறைய. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கிற தண்ணீரும் அந்தக் கிணற்றில்தானே அள்ளுகிறோம்!

ரென்சியோமீற்றரா, போனில் காட்டுகிற சென்சரா? (கோப்பாய்)

மரக்கறித் தோட்டத்துக்கு ரென்சியோமீற்றர் போதும், பற்றறி தேவையில்லை. அது பீங்கான் முனையுள்ள, தண்ணீர் நிரப்புகிற ஒரு குழாய், மண் காயக் காய அதன் மானியில் எண் (சென்ரிபார்) கூடும். கொதிக்கவைத்து ஆறின தண்ணீரை நிரப்பி, காற்றுக்குமிழி இல்லாமல் மூடுங்கள். குழியில் அந்த மண்ணையே குழம்பாகக் கரைத்து ஊற்றி அதற்குள் இறக்குங்கள், பீங்கான் முனைக்கும் மண்ணுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் காட்டுவதெல்லாம் பொய். வெங்காயத்துக்கு 20 முதல் 30 சென்ரிபாருக்குள் இறைக்கத் தொடங்கி, பயிரைப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். 80ஐத் தாண்ட விட்டால் உள்ளே காற்று புகுந்துவிடும், திரும்ப நிரப்ப வேண்டிவரும்.

மணல் நிலம். சென்சர் ஈரம் என்கிறது, ஆனால் மிளகாய் இலை விளிம்பு கருகுது. (வடமராட்சி)

உவராக இருக்கலாம், முதலில் கிணற்றுத் தண்ணீரின் மின்கடத்துதிறனை அளவுங்கள், உப்பு கூடினால் அதுவும் கூடும். உப்பு மண்ணில் மலிவான மின்சென்சர்கள் உள்ளதைவிடக் கூடின ஈரத்தைக் காட்டும், அதோடு ஈரம் இருந்தாலும் உப்பு வேரை உறிஞ்ச விடாது. தண்ணீரின் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 1 டெசிசீமன்ஸைத் தாண்டினால் மிளகாய் விளைச்சல் குறையத் தொடங்கும், வெங்காயம் அதற்கும் முன்னமே. பீற்றூட் 2.7 வரை தாங்கும். எங்கள் நன்னீர் கடல்நீருக்கு மேலே மிதக்கிற ஒரு படலம், நன்னீர் மட்டம் 1 மீற்றர் இறங்கினால் கீழே உவர்நீர் ஏறக்குறைய 40 மீற்றர் மேலேறும் என்பது கணக்கு. ஆகவே ஒரே மூச்சில் கிணற்றை வற்ற இறைக்காதீர்கள், விட்டுவிட்டு, ஊறவிட்டு இறையுங்கள்.

சொட்டுக்குழாய் அடிக்கடி அடைக்குது. (உரும்பிராய்)

சுண்ணாம்புப் படிவு. ஐதான அமிலம் விட்டுக் கழுவலாம், அளவை விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். பிளீச்சிங் பவுடரோடு மட்டும் அமிலத்தைக் கலக்கவே வேண்டாம், நச்சுவாயு வரும்.

நாலு பரப்புத் தோட்டத்துக்கு இதெல்லாம் கட்டுமா? (சாவகச்சேரி)

ஒரே மண், ஒரே பயிர் என்றால் ஒரு சோடி ரென்சியோமீற்றர் காணும். காலமை வெயில் ஏற முன் பார்த்துக் கொப்பியில் எழுதுங்கள், தினமும் அதே நேரத்தில். சோளகம் (தென்மேல் காற்று) வீசுகிற மாதங்களில் பின்னேரமும் ஒருக்காப் பாருங்கள், அந்தக் காற்றுக்கு மேல்மண் ஒரே பகலில் காய்ந்துவிடும்.