கம்பெனி வளர்கிறது என்று வீட்டை அடமானம் வைக்காதீர்கள்

தூத்துக்குடியிலிருந்து ஒரு தகப்பனார் எழுதியிருக்கிறார். மகன் கணிதப் பிரிவில் பிளஸ் டூ முடித்திருக்கிறான். "பெரிய கம்பெனியெல்லாம் கப்பலாக வாங்கிக் குவிக்கிறான், டாலரில் சம்பளம் வரும், மரைன் இன்ஜினியரிங்கில் சேர்த்துவிடுங்கள்" என்று தாய்மாமா விடாமல் சொல்கிறாராம். வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போகத் தயாராக இருக்கிறது. பையனுக்கோ கடலுக்குப் போக விருப்பமில்லை. தினமும் போனில் சரக்குக் கட்டண நிலவரம் பார்த்து நோட்டில் குறித்து வைக்கிறான்.

அண்ணாச்சி, பதற்றப்படாதீர்கள் என்று சொல்லி நிறுத்திக்கொள்ள முடியவில்லை. உங்கள் மைத்துனர் சொல்லும் காரணமே தப்பு. கப்பல் தொழிலில் வளர்ச்சி வேறு, லாபம் வேறு. கட்டணம் ஏறியதும் எல்லாக் கம்பெனிகளும் ஒரே நேரத்தில் புதுக் கப்பலுக்கு ஆர்டர் கொடுக்கின்றன. அவை கட்டி முடிந்து வர இரண்டு, மூன்று வருஷம் ஆகிறது. வந்து இறங்கும்போது சரக்கைவிடக் கப்பல் அதிகமாகிவிடுகிறது, கட்டணம் சரிகிறது. டென்மார்க்கின் பெரிய கப்பல் கம்பெனியான மேர்ஸ்க் 2022இல் சுமார் 2,900 கோடி டாலர் லாபம் பார்த்தது. அடுத்த வருஷம் அது 400 கோடிக்கும் கீழே இறங்கியது. வாடகைக் கப்பல்களை அதிகம் நம்பிய இஸ்ரேலின் ஜிம் (ZIM) கப்பல் கம்பெனி, அதே 2022இல் 460 கோடி டாலர் லாபம் காட்டிவிட்டு 2023இல் 270 கோடி நஷ்டம் காட்டியது.

தென்கொரியாவின் ஹன்ஜின் கப்பல் கம்பெனி கதை இன்னும் மோசம். 2008 நெருக்கடிக்கு முன்பு, வாடகை உச்சத்தில் இருந்தபோது, நீண்ட ஒப்பந்தத்தில் கப்பல்களை எடுத்து வளர்ந்த கம்பெனி அது. 2016 ஆகஸ்ட் 31 அன்று, கடனைக் கட்ட முடியாமல் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றப் படியேறியது. துறைமுகக் கட்டணம் யார் தருவார்கள் என்று தெரியாததால் அதன் கப்பல்கள் பல, சரக்கோடும் மாலுமிகளோடும் வெளியே கடலில் நின்றன. ஏன், வ.உ.சி. 1906இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியைத் திணறடித்ததும் பிரிட்டிஷ் கம்பெனியின் கட்டணக் குறைப்புதானே.

பையனின் நோட்டைக் கவனியுங்கள். அவன் குறித்து வைப்பதுதான் சார்ட்டரிங், அதாவது கப்பலுக்குச் சரக்கும் சரக்குக்குக் கப்பலும் பிடித்துத் தரும் வேலை. இதைப் பற்றி நம் ஊரில் யாரும் சொல்வதே இல்லை. உதாரணத்துக்கு, இந்தோனேசியாவிலிருந்து தூத்துக்குடிக்கு 50,000 டன் நிலக்கரி. டன்னுக்கு 12 டாலர் என்றால் வரவு 6 லட்சம். எரிஎண்ணெய்க்கு ஒன்றரை லட்சம், துறைமுகச் செலவும் தரகும் சேர்த்து ஒரு லட்சம். மீதி மூன்றரை லட்சத்தை, காலியாகப் போகும் நாட்களையும் சேர்த்து 25 நாளால் வகுத்தால், நாளுக்கு 14,000 டாலர். அதே கப்பலை முன்பே நாளுக்கு 18,000 டாலர் வாடகைக்கு எடுத்திருந்தால் இந்த ஒரே பயணத்தில் ஒரு லட்சம் டாலர் கைநஷ்டம். ஹன்ஜின் மாட்டிக்கொண்டது இப்படித்தான். சரக்கு இறக்கத் தாமதமானால் டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம், யார் தலையில், ஒப்பந்தத்தில் எந்த வரி யாரைக் காப்பாற்றும் என்று பார்ப்பதும் இந்த வேலைதான். தரகருக்கு வழக்கமாக 1.25 சதவீதம் கிடைக்கும்.

படிப்புக்கு உங்கள் ஊர்க் கல்லூரியில் பி.காம். போதும். கூடவே லண்டனில் உள்ள கப்பல் தரகர்கள் அமைப்பான இன்ஸ்டிடியூட் ஆஃப் சார்ட்டர்ட் ஷிப்புரோக்கர்ஸ் நடத்தும் தேர்வுகளை வீட்டிலிருந்தே படித்து, ஒவ்வொரு தாளாக எழுதலாம். கட்டணம் பவுண்டில்தான், ஆனால் மொத்தமாகக் கட்ட வேண்டியதில்லை. விடுமுறையில் துறைமுகத்தை ஒட்டிய ஏதாவது ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில் உட்கார்ந்து வேலை பார்க்கட்டும். ஆரம்பச் சம்பளம் குறைவு, அதை மறைக்க மாட்டேன். நாலைந்து வருஷம் கைப்பழக்கம் வந்த பிறகு மும்பை, சிங்கப்பூர், துபாய் என்று கதவு திறக்கும்.

மைத்துனரிடம் நீங்களே பேசுங்கள், பையனைப் பேச விடாதீர்கள். கடலுக்குப் போக ஆசைப்படுகிற பிள்ளைக்கு அது நல்ல வேலை. ஆசையில்லாதவனை மாதக்கணக்கில் இன்ஜின் ரூமில் தள்ளக்கூடாது. வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள். அப்புறம், கப்பலில் ஏற்றிவிட லட்சக்கணக்கில் கேட்கும் ஏஜென்ட் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். மாலுமியிடம் வேலைக்காகப் பணம் வாங்குவது சட்டப்படி குற்றம். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால் ரசீதோடு மத்திய அரசின் கப்பல் துறை இயக்குநரகமான டிஜி ஷிப்பிங்கில் புகார் கொடுங்கள், பி.காம். விண்ணப்பத்தை இந்த வாரமே போடுங்கள்.