கேலரியில் நின்றவர்களுக்கு அஞ்சலி: வாசகர் கேள்வி பதில்

கால்பந்து ரசிகர்கள் தம்முள் மறைந்தவர்களை மைதானத்தில் எவ்வாறு நினைவுகூர்கிறார்கள் என்பது குறித்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தரப்படுகிறது.

தொலைக்காட்சியில் இங்கிலாந்துக் கால்பந்து பார்க்கிறேன். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, கோல் எதுவும் விழாத நேரத்தில், அரங்கம் முழுவதும் எழுந்து ஒரு நிமிடம் கைதட்டுகிறது. யாருக்காக அது? ஆட்டம் தொடங்கும் முன்பே செய்யக் கூடாதா?
– வாசகர், தூத்துக்குடி

பெரும்பாலும் அது அண்மையில் மறைந்த ஒரு ரசிகருக்காக எழும் கைதட்டல். அவர் 34 வயதில் இறந்திருந்தால் 34ஆவது நிமிடத்திலும், 61 வயதில் இறந்திருந்தால் 61ஆவது நிமிடத்திலும் கைதட்டுவார்கள். ஆட்டத்துக்கு முன் வீரர்கள் நடுவட்டத்தைச் சுற்றி நின்று செலுத்தும் மவுன அஞ்சலி, கழகமும் போட்டி நிர்வாகமும் முடிவுசெய்து நடத்துவது. அது பெரும்பாலும் முன்னாள் வீரர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் நாடே துக்கம் காக்கும் நிகழ்வுகளுக்கும் உரியதாக இருக்கிறது. நாற்பது ஆண்டுகள் ஒரே இடத்தில் நின்று ஆட்டம் பார்த்த ஒரு தொழிலாளிக்கு அந்த மரியாதை எளிதில் கிடைப்பதில்லை. அதனால் ரசிகர்கள் யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லாத ஒரு வழியைத் தாங்களே உண்டாக்கிக்கொண்டார்கள். குடும்பத்தினரும் நண்பர்களும் முன்கூட்டியே செய்தியைப் பரப்புகிறார்கள். குறித்த நிமிடம் வந்ததும் ஒரு மூலையில் தொடங்கும் ஒலி அரங்கைச் சுற்றி வருகிறது. நடுவர் விசில் ஊதுவதில்லை, பந்தும் நிற்பதில்லை.

மவுனத்துக்குப் பதிலாகக் கைதட்டுவது இங்கிலாந்தில் பரவலானது 2005 நவம்பரில் புகழ்பெற்ற முன்னாள் வீரர் ஜார்ஜ் பெஸ்ட் மறைந்தபோதுதான். ஐரோப்பாவின் வேறு சில நாடுகளில் அது முன்பே வழக்கத்தில் இருந்தது. எதிரணி ரசிகர்களில் சிலர் கூச்சலிட்டு மவுனத்தைக் கெடுத்துவிடுவார்களோ என்ற அச்சமும் இந்த மாற்றத்துக்கு ஒரு காரணம், ஏனென்றால் கைதட்டல் ஒலியில் அத்தகைய கூச்சல் அமுங்கிப்போகும்.

எந்த முன்னேற்பாடும் இன்றி எழுந்த ஓர் அஞ்சலியையும் இங்கே சொல்ல வேண்டும். 2016 மார்ச் 13 அன்று ஜெர்மனியின் டார்ட்மண்ட் அரங்கில் மைன்ஸ் அணியுடன் ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது, ரசிகர் ஒருவர் மாரடைப்பால் இறந்துபோனார். செய்தி கேலரிகளில் பரவப் பரவ, ஓயாமல் பாடிக்கொண்டிருக்கும் தெற்குக் கேலரி அடங்கியது. சுமார் 25,000 பேர் நின்று பார்க்கும் இடம் அது. மைன்ஸ் ரசிகர்களும் பாட்டை நிறுத்தினார்கள். இரண்டாம் பாதியில் டார்ட்மண்ட் அணி கோல் அடித்தும் வழக்கமான ஆரவாரம் இல்லை. இறுதியில் கழுத்துத் துண்டுகளை இரு கைகளாலும் உயர்த்திப் பிடித்து, "யூ வில் நெவர் வாக் அலோன்" பாடலை அரங்கமே பாடியது. நின்றுபோன குரல்கள் அனைத்தும் ஒரு மனிதருக்காகத் திரும்பி வந்த அந்தச் சில நிமிடங்களுக்கு ஈடாக எந்த அதிகாரபூர்வ அஞ்சலியையும் என்னால் சொல்ல முடியவில்லை.

பரம வைரிகளான கழகங்களின் ரசிகர்கள் மரணத்தின் முன் உண்மையாகவே பகையை மறந்துவிடுகிறார்களா, அல்லது அது ஊடகங்களுக்காகச் செய்யப்படுவதா?
– வாசகி, ஈரோடு

உண்மையாகவே மறந்த நேரங்கள் உண்டு. 2014 ஜூலை 17 அன்று உக்ரைனின் கிழக்குப் பகுதியில் மலேசிய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்தார்கள் அல்லவா? அவர்களில் இருவர் நியூகாசில் யுனைடெட் ரசிகர்கள். நியூசிலாந்தில் தம் அணி ஆடவிருந்த முன்பருவ ஆட்டங்களைக் காணப் போய்க்கொண்டிருந்தவர்கள். அந்த இருவரில் மூத்தவர், 1973 முதல் ஒரே ஓர் ஆட்டத்தைத் தவிர நியூகாசில் ஆடிய அனைத்தையும் நேரில் பார்த்தவர் என்று அவரை அறிந்தவர்கள் சொன்னார்கள். நியூகாசிலின் நூற்றாண்டுப் பகையாளி சண்டர்லாந்து. அந்த சண்டர்லாந்தின் ரசிகர் ஒருவர்தான், ஒரு மலர்வளையம் வாங்கும் அளவுக்கு மட்டும் பணம் திரட்டலாம் என்று முதலில் தொடங்கினார். 30,000 பவுண்டுக்கு மேல் சேர்ந்துவிட்டது. மிஞ்சிய தொகை சர் பாபி ராப்சன் அறக்கட்டளை உள்ளிட்ட அறப்பணிகளுக்குப் போனது. விமானத்தின் எண்ணை வைத்து, நியூகாசில் ரசிகர்கள் அந்தப் பருவத்தில் 17ஆவது நிமிடத்தில் கைதட்டினார்கள்.

ஆனால் அஞ்சலி செலுத்தினாலே மன்னிப்புக் கிடைத்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. 1985 மே 29 அன்று பிரஸ்ஸல்ஸ் நகரின் ஹெய்சல் அரங்கில், ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டிக்கு முன் லிவர்பூல் ரசிகர்கள் பாய்ந்து தாக்கியதில் நெரிசல் உண்டாகி, சுவர் இடிந்து, 39 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் எதிரணியான இத்தாலியின் யுவெண்டஸ் ரசிகர்கள். இருபது ஆண்டுகள் கழித்து, 2005 ஏப்ரலில் இரு அணிகளும் லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டில் மீண்டும் சந்தித்தபோது, லிவர்பூல் ரசிகர்கள் வண்ண அட்டைகளைத் தூக்கிப் பிடித்து, நட்பு என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லை கேலரி முழுவதும் எழுதிக் காட்டினார்கள். யுவெண்டஸ் ரசிகர்களில் சிலர் கைதட்டினார்கள். பலர் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். அதைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. இழந்தவர்களுக்கு ஏற்கவும் மறுக்கவும் உரிமை உண்டு.

எதிரணியின் துயரத்தையே பாட்டாகக் கட்டிக் கேலி செய்யும் கூட்டமும் இருக்கத்தான் செய்கிறது. 1958இல் மியூனிக்கில் விமான விபத்தில் இறந்த மான்செஸ்டர் யுனைடெட் வீரர்களைப் பற்றியும், 1989இல் ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் இறந்த லிவர்பூல் ரசிகர்களைப் பற்றியும் இப்படிப் பாடுகிறார்கள். இது பொது ஒழுங்கைக் குலைக்கும் குற்றமாகக் கருதப்படலாம் என்று இங்கிலாந்தின் அரசுத் தரப்பு வழக்குத் துறை 2023இல் அறிவித்தது. அது சரியான முடிவு என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஹில்ஸ்பரோ நிகழ்ந்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. லிவர்பூல் ரசிகர்கள் இன்னும் அதையே பேசிக்கொண்டிருப்பது ஏன்? காலம் ஆற்றாத துக்கமும் உண்டா?
– வாசகர், மதுரை

துக்கம் மட்டுமாக இருந்திருந்தால் ஒருவேளை ஆறியிருக்கும். இறந்தவர்கள் மீது பழியும் சுமத்தப்பட்டது.

1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூலும் நாட்டிங்காம் ஃபாரஸ்டும் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் ஆடின. லிவர்பூல் ரசிகர்களுக்கு ஒதுக்கப்பட்ட லெப்பிங்ஸ் லேன் பக்கத்தில், நின்று பார்ப்போர் சுமார் பத்தாயிரம் பேருக்கு ஏழே சுழல்வாயில்கள். வெளியே நெரிசல் முற்றியதும், வெளியேறும் கதவு ஒன்றைத் திறக்கக் காவல்துறை அதிகாரி உத்தரவிட்டார். ஏற்கெனவே நிரம்பி வழிந்த நடு அடைப்புகளுக்குச் செல்லும் சுரங்கவழியை மூடச் சொல்ல மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. எதிரே இரும்பு வேலி. ஆட்டம் 3.06 மணிக்கு நிறுத்தப்பட்டது. இறந்தவர்கள் 97 பேர். அவர்களுள் 10 வயதுச் சிறுவனும் ஒருவன். கடைசியாகச் சேர்ந்தவர், அன்று பட்ட காயங்களோடு 32 ஆண்டுகள் வாழ்ந்து 2021இல் இறந்தவர்.

கதவை ரசிகர்களே உடைத்தார்கள் என்று அந்த அதிகாரி அன்றே பொய் சொன்னார். நான்காம் நாள் ஒரு நாளிதழ், ரசிகர்கள் குடித்துவிட்டுப் பிணங்களிடமிருந்து திருடினார்கள் என்று முதல் பக்கத்தில் எழுதியது. லிவர்பூல் நகரத்தில் அந்த நாளிதழை இன்றும் பலர் தொடுவதில்லை.

அந்த வாரம் ஆன்ஃபீல்டில், லிவர்பூல் ரசிகர்கள் திரளும் கோப் கேலரியிலிருந்து மைதானத்தின் பெரும்பகுதி வரை மலர்கள் பரவிக் கிடந்தன. ஸ்டான்லி பூங்காவுக்கு அப்பால் இருந்த, அதே நகரின் எவர்டன் கழகத்தின் அன்றைய மைதானத்திலிருந்து ஆன்ஃபீல்டு வரை, சிவப்பும் நீலமுமான கழுத்துத் துண்டுகளை ஒன்றோடொன்று முடிச்சிட்டுக் கட்டினார்கள். ஒரே வீட்டில் அண்ணன் லிவர்பூல், தம்பி எவர்டன் என்று இருக்கும் ஊர் அது. 2012இல் எவர்டன் தன் மைதானத்தில், முதுகில் 9 என்ற எண்ணுடன் எவர்டன் சட்டை அணிந்த ஒரு சிறுமியையும், 6 என்ற எண்ணுடன் லிவர்பூல் சட்டை அணிந்த ஒரு சிறுவனையும் கைகோத்து நிற்கவைத்தது. சேர்த்துப் படித்தால், அன்றைய கணக்கின்படி இறந்தவர்களின் எண்ணிக்கை.

இந்த அஞ்சலிகள் நீதி கேட்கும் குரலாகவும் இருந்ததைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். 2007 ஜனவரியில் ஆர்சனலுடன் நடந்த ஆட்டத்தின் முதல் ஆறு நிமிடங்களும், "96 பேருக்கு நீதி வேண்டும்" என்று கோப் கேலரி முழங்கியது. ஹில்ஸ்பரோவில் ஆட்டம் ஆறு நிமிடங்களே நடந்தது. 2009இல் இருபதாம் ஆண்டு நினைவுக் கூட்டத்தில் அமைச்சர் ஆண்டி பர்னம் பேசியபோது, அதே முழக்கம் அவர் பேச்சை இடைமறித்தது. எவர்டன் ரசிகரான அவர் சினம் கொள்ளாமல் கேட்டு நின்றார். அதன் பிறகு ஆவணங்களைத் திறக்க அரசிடம் வாதாடினார். அவ்வாறு அமைந்த சுயேச்சைக் குழு 2012இல் வெளியிட்ட அறிக்கை, காவலர் வாக்குமூலங்களில் 164 திருத்தப்பட்டிருந்ததைக் காட்டியது. 2016இல் மரண விசாரணை நீதிமன்றத்தின் ஜூரி, இறந்தவர்கள் சட்டத்துக்குப் புறம்பாகக் கொல்லப்பட்டார்கள் என்றும், ரசிகர்கள் மீது தவறு இல்லை என்றும் தீர்ப்பளித்தது. இருபத்தேழு ஆண்டுகள் பேசிக்கொண்டே இருந்ததால் கிடைத்தது அது. அவர்கள் மறந்திருந்தால் பொய்தான் வரலாறாக நின்றிருக்கும்.

இந்தியாவில் இப்படி ஏதேனும் உண்டா?
– வாசகர், கோயம்புத்தூர்

உண்டு. 1980 ஆகஸ்ட் 16 அன்று கொல்கத்தா ஈடன் கார்டன் அரங்கில் ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் ஆடியபோது கேலரியில் மோதல் மூண்டு, நெரிசலில் 16 ரசிகர்கள் இறந்தார்கள். மேற்கு வங்கக் கால்பந்தை நிர்வகிக்கும் ஐ.எஃப்.ஏ. அந்த நாளைக் கால்பந்து நேசர்களின் நாளாக அனுசரித்து ரத்ததான முகாம் நடத்துகிறது. இரு கழகத்தாரும் ஒரே முகாமில் ரத்தம் கொடுக்கிறார்கள். பூமாலையைவிட இது எனக்கு உயர்வாகத் தெரிகிறது.

எங்கள் கடற்கரை ஊரின் சுழற்கோப்பைப் போட்டிக்கு ஆண்டுதோறும் முதல் ஆளாக வந்து, கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று மேளம் அடித்து அணியை உற்சாகப்படுத்திய பெரியவர் மறைந்துவிட்டார். இவ்வாண்டு இறுதிப் போட்டியில் அவருக்கு எவ்வாறு அஞ்சலி செலுத்தலாம்?
– விளையாட்டு மன்றத்தார், கன்னியாகுமரி மாவட்டம்

முதலில் அவர் வீட்டாரிடம் கேளுங்கள். சில குடும்பங்களுக்குக் கூட்டத்தின் நடுவே நிற்பது ஆறுதலாக இருக்கும். சிலருக்குத் தாங்க முடியாததாக இருக்கும். அவர்கள் இசைந்தால், எதிரணித் தலைவரிடமும் முன்கூட்டியே சொல்லி, இரு அணி வீரர்களையும் நடுவட்டத்தில் கலந்து நிற்கச் செய்யுங்கள். திறந்தவெளி மைதானத்தில், கடைகளின் ஒலியும் வண்டிச் சத்தமும் இருக்கும் இடத்தில், மவுனம் நிலைப்பது கடினம் என்பதால், ஒரு நிமிடக் கைதட்டலே பொருத்தம். மேளக்காரர் என்பதால், அவர் மேளத்தை அவரிடம் பழகிய இளைஞர் ஒருவர் அந்த நிமிடத்தில் அடிப்பதும் தகும்.

ஒரு நாளோடு முடியாத ஏதாவது ஒன்றையும் எண்ணிப் பாருங்கள். 1985 மே 11 அன்று பிராட்ஃபோர்டு மைதானத்தின் மரக் கேலரி தீப்பற்றி எரிந்ததில் 56 பேர் இறந்தார்கள். அவர்களில் இருவர் எதிரணியான லிங்கன் சிட்டியின் ரசிகர்கள். அந்தச் சிறு கழகம் தன் மைதானத்தில் ஒரு கேலரிக்கு அந்த இருவரின் குடும்பப் பெயர்களையும் சேர்த்து ஸ்டேசி வெஸ்ட் என்று பெயரிட்டது. உங்களிடம் கேலரி இல்லாவிட்டாலும், கோல் கம்பத்துக்குப் பின்னால் அவர் நின்ற பக்கத்துக்கு அவர் பெயரை வைத்து, ஆண்டுதோறும் ஒலிபெருக்கியில் அப்படியே சொல்லிவரலாம்.

இன்னொன்றையும் மன்றத்தார் உறுதிசெய்துகொள்ள வேண்டும். இந்த அஞ்சலியைச் சிறப்பு விருந்தினர் அறிமுகம், பொன்னாடை, உரைகள் ஆகியவற்றுக்குப் பின் தள்ளிவிடாமல், அவற்றுக்கு முன்பே நடத்தி முடித்துவிடுங்கள்.